வலிக்குச் சாட்சி

திசுப் பரிசோதனைக்கு வரும் ஒவ்வொரு டப்பாவோடும் ஒரு தாள் வரும். பெயர், வயது, வார்டு, எந்த உறுப்பு, என்ன ஆபரேஷன். பெண்களின் தாளில் கூடவே ஒரு குறி இருக்கும்: பி2 எல்2. இரண்டு பிரசவம், இரண்டு குழந்தை உயிரோடு. அதற்குப் பக்கத்தில் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆகிவிட்டதா இல்லையா என்று ஒரு சொல். எத்தனை வருஷமாக வலிக்கிறது, மாதத்தில் எந்த நாளில் வலிக்கிறது, அந்த நாளில் எழுந்து அடுப்படிக்குப் போக முடிகிறதா என்பதற்கெல்லாம் அந்தத் தாளில் கட்டம் கிடையாது.

நான் டாக்டர் இல்லை. தென் மாவட்டம் ஒன்றில் திசு ஆய்வகத்தில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள். ஃபார்மலினில் ஊறி வரும் சதைத் துண்டை ஆல்கஹாலிலும் சைலீனிலும் தோய்த்து, மெழுகில் பதித்து பிளாக் ஆக்கி, மைக்ரோடோமில் நான்கைந்து மைக்ரான் கனத்துக்குச் சீவி, வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, கண்ணாடி ஸ்லைடில் ஏந்தி, சாயம் ஏற்றி டாக்டரின் மேஜையில் வைப்பது என் தொழில். கருப்பையும் சினைப்பையும் என் கைவழியே போனது போல வேறெந்த உறுப்பும் போனதில்லை. அப்படிப் போனவற்றில் என்னை அதிகம் யோசிக்க வைத்த நோய் எண்டோமெட்ரியோசிஸ்.

கருப்பையின் உட்சுவரில் மாதாமாதம் வளர்ந்து உதிர்கிற படலத்தைப் போன்ற திசு, கருப்பைக்கு வெளியே ஒட்டி வளர்வதுதான் இந்த நோய். சினைப்பையில், குடலின் மேல், சிறுநீர்ப்பையின் மேல், கருப்பைக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில். அங்கேயும் அது ஹார்மோனுக்குக் கட்டுப்பட்டுக் கசியும். கசிந்தது வெளியேற வழியில்லை. சுற்றிலும் அழற்சி, தழும்பு, உறுப்போடு உறுப்பு ஒட்டிக்கொள்ளுதல். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், பிள்ளை பெறும் வயதுள்ள பெண்களில் பத்தில் ஒருவருக்கு, ஏறத்தாழ 19 கோடிப் பேருக்கு, இது இருக்கிறது. வலி தொடங்கி அதற்கு ஒரு பெயர் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆகின்றன.

இந்தத் தாமதத்துக்குப் பெண்களின் கூச்சத்தையும் வீட்டாரின் அலட்சியத்தையும் காரணம் சொல்லிவிடுவார்கள். அது பாதிதான். மீதிப் பாதி எங்கள் மேஜையில் இருக்கிறது. இந்த நோய் பிறந்ததே நுண்ணோக்கிக்கு அடியில். வயிற்றைத் திறந்து, துண்டு வெட்டி, சாயம் ஏற்றி, ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அது நோய். அதுவரை வெறும் வயிற்றுவலி. அதனால் எந்தக் காலத்தில் யாருடைய வயிறு திறக்கப்பட்டதோ, அவர்களுடைய நோயாகவே இது எழுதப்பட்டு வந்திருக்கிறது.

முதலில் திறக்கப்பட்டவை பிணங்கள். வியன்னா பொது மருத்துவமனையில் இறந்தவர்களைக் கூறு செய்து நோயின் தடத்தை உறுப்புகளில் தேடிய கார்ல் வான் ரோகிடான்ஸ்கி, 1804இல் பொஹீமியாவில் பிறந்தவர். முப்பதாயிரம் பிணக்கூறாய்வுகள் செய்தவர் என்பார்கள். பிரசவ வார்டில் சாவு ஏன் இவ்வளவு என்று 1847இல் செமல்வைஸ் என்ற மருத்துவர் கண்டுபிடித்ததும் இதே மருத்துவமனையில்தான். ரோகிடான்ஸ்கி 1860இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், கருப்பையின் தசைக்குள்ளும் சினைப்பையிலும் உட்படலச் சுரப்பிகளும் அவற்றைச் சுற்றிய இழைத் திசுவும் இருப்பதை விவரித்தார். இதுதான் முதல் விவரிப்பா என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் சண்டை உண்டு. பதினேழாம் நூற்றாண்டிலேயே, ஏன், ஹிப்போகிரட்டீஸிலேயே இந்த நோய் இருக்கிறது என்று எழுதுகிறவர்களும் உண்டு. நுண்ணோக்கியில் திசுவைப் பார்க்காமல் பொதுவாக ‘கருப்பை வலி’ என்று எழுதியதையெல்லாம் இந்தக் கணக்கில் சேர்ப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ரோகிடான்ஸ்கி பார்த்தது திசுவை. ஆனால் அந்தப் பெண்களுக்கு வலித்ததா என்று கேட்க அங்கே ஆள் இல்லை. விநோதமான ஒரு வளர்ச்சி என்ற அளவில்தான் இந்த நோய் புத்தகத்துக்குள் நுழைந்தது.

அடுத்த இடம் அமெரிக்காவின் பால்டிமோர், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை. அங்கே 1899இல் வில்லியம் வுட் ரஸ்ஸல் ஒரு சினைப்பைக்குள் கருப்பைப் படலத்தைப் பார்த்து எழுதினார். அதே இடத்தில் தாமஸ் கலன் என்ற கனடாக்காரர் இதையே பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார். கலன் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. ஆபரேஷன் நடக்கும்போதே துண்டை உறையவைத்துச் சீவி, ஃபார்மலின் கொண்டு ஸ்லைடு ஆக்கும் வேகமான முறையை 1895இல் வெளியிட்டவர் அவர். எங்கள் தொழிலில் ‘ஃப்ரோசன்’ என்று இன்றும் அலறியடித்துக்கொண்டு செய்யும் வேலைக்கு அவர் ஒரு முன்னோர். 1908இல் கருப்பைத் தசைக்குள் வளரும் இந்தக் கட்டிகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். மாக்ஸ் ப்ரோடல் என்ற ஓவியர் அந்த மருத்துவமனையில்தான் இருந்தார். ஹாப்கின்ஸ் நூல்களின் படங்களைப் பார்த்தால், உறுப்பைக் கையில் வைத்துப் பார்ப்பதை விடத் தெளிவாக இருக்கும். தொப்புளின் நோய்களுக்கென்றும் கலன் ஒரு நூல் எழுதியிருக்கிறார். தொப்புளில் முளைத்து, மாதவிலக்கு நாட்களில் அங்கிருந்தே ரத்தம் கசியும் கட்டிகளும் அவர் கவனத்துக்கு வந்தன. 1920 வாக்கில் இந்தத் திசு உடம்பில் எங்கெங்கே தென்படுகிறது என்று ஒரு வரைபடமே போட்டுவிட்டார். எங்கே என்பதற்கு விடை கிடைத்தது. எப்படி அங்கே போனது என்று அவர் படத்தில் இல்லை.

அந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியவர் ஜான் சாம்ப்சன். 1873இல் பிறந்து, ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பயின்று, நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகரில் ஆபரேஷன் செய்துகொண்டிருந்தவர். சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கிய நீர்க்கட்டிகள் இருப்பது முன்பே தெரியும். வெட்டினால் காய்ச்சி ஆறிய கருப்பட்டிப் பாகு மாதிரி வழியும். சாம்ப்சன் காலத்திலிருந்து சாக்லேட் கட்டி என்றே பெயர். 1921இல் அவர் எழுதிய கட்டுரை, இந்தக் கட்டிகள் துளைவிட்டுக் கசிவதையும், கசிந்த இடத்தைச் சுற்றி உறுப்புகள் ஒட்டிக்கிடப்பதையும், அந்த ஒட்டுகளுக்குள்ளும் கருப்பைப் படலமே முளைத்திருப்பதையும் காட்டியது. இந்த நோய்க்காரிகளுக்குக் கருக்குழாய்கள் பெரும்பாலும் திறந்தே இருந்தன என்பதையும் அவர் கவனித்தார்.

அவர் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். மாதவிலக்கு நாட்களில் ஆபரேஷன் வேண்டாம் என்று தள்ளிப்போடுவதுதான் எந்த ஊரிலும் வழக்கம். சாம்ப்சன் அந்த நாட்களை ஒட்டியே ஆபரேஷன் வைத்துக்கொண்டார். வயிற்றைத் திறந்தால், கருக்குழாயின் நுனியில் ரத்தம். உதிர்ந்த படலம் கீழே மட்டும் போகவில்லை, குழாய் வழியாகப் பின்னோக்கி வயிற்றுக்குள்ளும் சொட்டுகிறது. 1927இல் அவர் வெளியிட்ட பெரிய கட்டுரை இதைக் கொள்கையாகவே அறிவித்தது: பின்னோக்கிப் போகும் மாதவிலக்கு ரத்தத்தோடு உயிருள்ள படலத் துணுக்குகள் வயிற்றுக்குள் விழுந்து, ஒட்டி, வளர்கின்றன.

பெர்லினில் இருந்த ராபர்ட் மேயர் இதை ஏற்கவில்லை. வயிற்றறையை மூடியிருக்கும் சவ்வே தூண்டப்பட்டுக் கருப்பைப் படலமாக மாறிக்கொள்கிறது என்பது அவர் கட்சி. யூதக் குடும்பத்தில் பிறந்த மேயர் நாஜி ஆட்சியில் நாட்டை விட்டுப் போக வேண்டியதாயிற்று. 1939இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவுக்குப் போய்ச் சேர்ந்தார். வாதம் மட்டும் முடியவில்லை. சாம்ப்சன் பக்கத்துக்கு வலுச் சேர்க்க, ஹாப்கின்ஸில் ரிச்சர்ட் டெலிண்டும் ரோஜர் ஸ்காட்டும் 1950இல் குரங்குகளின் கருப்பை வாயை வயிற்றுக்குள் திருப்பித் தைத்தார்கள். ஏறக்குறைய பாதிக் குரங்குகளுக்கு நோய் வந்தது. (ஹென்ரியட்டா லாக்ஸின் புற்றுச் செல்கள் அவரைக் கேட்காமலே எடுக்கப்பட்ட துறையின் தலைவர் இதே டெலிண்ட்தான்.) 1958இல் அட்லாண்டாவில் ரிட்லியும் எட்வர்ட்ஸும் இன்னும் ஒருபடி போனார்கள். பெண்களின் மாதவிலக்கு ரத்தத்தைச் சேகரித்து அவர்கள் வயிற்றுத் தோலுக்கடியிலேயே செலுத்தி, சில மாதம் கழித்து வெட்டிப் பார்த்தார்கள். உதிர்ந்த படலத்துக்கு ஒட்டி முளைக்கும் சக்தி இருக்கிறது என்பதற்கு ஸ்லைடு கிடைத்தது. இன்றைய நெறிமுறைக் குழு எதுவும் இதற்கெல்லாம் கையெழுத்துப் போடாது.

அட்லாண்டா வரை போக வேண்டாம் என்றும் எனக்குத் தோன்றும். சிசேரியன் தழும்பிலிருந்து வெட்டி வரும் சிறு உருண்டைகள் எங்கள் ஆய்வகத்துக்கு அடிக்கடி வரும். வயிற்றுத் தழும்பில் கட்டி, மாதத்தில் சில நாள் வீங்கி வலிக்கிறது என்று வந்திருப்பாள். டாக்டர் தையல் நூல் கட்டியோ குடலிறக்கமோ என்று தாளில் எழுதியிருப்பார். சீவிப் பார்த்தால் கொழுப்புக்கும் தழும்புக்கும் நடுவே கருப்பைச் சுரப்பிகள். ஆபரேஷனின்போது கருப்பையிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த துணுக்கு தோலுக்கடியில் குடியேறிவிட்டது. சாம்ப்சன் சொன்னது தழும்பில் கையெழுத்துப் போட்டு நிற்கும். தமிழ்நாட்டில் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். இந்த உருண்டைகள் இனியும் வரும்.

ஆனால் சாம்ப்சனுக்கு ஒரு பள்ளம் உண்டு. 1984இல் ஹால்மே என்பவரும் கூட்டாளிகளும் மாதவிலக்கு நாட்களில் வயிற்றறையைப் பார்த்தபோது, கருக்குழாய் அடைபடாத பெண்களில் 90 சதவீதம் பேருக்கு உள்ளே ரத்தம் இருந்தது. எல்லாருக்கும் சொட்டுகிறது என்றால் ஏன் பத்தில் ஒருத்திக்கு மட்டும் முளைக்கிறது? அபூர்வமாக, பிராஸ்டேட் புற்றுக்காக ஈஸ்ட்ரோஜன் கொடுக்கப்பட்ட ஆண்களுக்கும் இந்தத் திசு வளர்ந்திருக்கிறதே, அவர்களுக்கு எந்த மாதவிலக்கு? மேயரை முழுவதும் தள்ளிவிட முடியாது என்பதற்கு இது போதும். இன்றைய ஆராய்ச்சி முழுக்க இந்தப் பள்ளத்தில்தான் வேலை செய்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நடுவில் பாஸ்டனுக்குப் போக வேண்டும். ஹார்வர்டில் பேராசிரியராக இருந்த ஜோ வின்சென்ட் மீக்ஸ் 1940களின் தொடக்கத்தில் எழுதிய கட்டுரைகளில், தன்னிடம் காசு கொடுத்து வைத்தியம் பார்க்கும் வசதியான பெண்களுக்கு இந்த நோய் அதிகமாக வருவதைச் சொன்னார். அவர் கண்ட காரணம்: தாமதக் கல்யாணம், தள்ளிப்போடும் பிள்ளைப்பேறு. குரங்குகள் வயது வந்ததும் கூடிக் குட்டி போடுவதை ஒப்பிட்டார். பெண்கள் சீக்கிரம் கல்யாணம் செய்து சீக்கிரம் பெற்றுக்கொண்டால் நோய் குறையும் என்பது அவர் உபதேசம். படித்து வேலைக்குப் போகும் வெள்ளைக்காரப் பெண்ணின் நோய் என்று பாடப்புத்தகங்கள் பல பத்தாண்டுகள் இதைச் சொல்லிக் கொடுத்தன.

‘கல்யாணம் ஆனா சரியாயிடும், ஒரு புள்ள பெத்தா எல்லாம் சரியாயிடும்’ என்று எங்கள் பெரியம்மா சொல்லுவாள். வெந்தயத்தை விழுங்கச் சொல்லிவிட்டு, உளுந்தங்களி கிண்டிக் கொடுத்துவிட்டு, இதையும் சொல்லுவாள். பெரியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஹார்வர்ட் பேராசிரியர் சொன்னதும் அதையேதான். ஒரு வித்தியாசம், பெரியம்மாவின் வைத்தியத்தில் உளுந்தாவது உண்டு.

மீக்ஸ் பார்த்த கணக்கில் ஓட்டை எங்கே என்று யோசித்தால் எங்கள் தொழிலுக்கே வந்துவிடும். காசுள்ளவளுக்குத்தான் வயிற்றைத் திறந்து பார்த்தார்கள், அவளுடைய துண்டுதான் ஸ்லைடு ஆனது. கறுப்பினப் பெண் அதே வலியோடு வந்தால் இடுப்புக்குழித் தொற்று என்று எழுதி அனுப்பினார்கள். அதாவது பால்வினை நோய் என்று சந்தேகப்பட்டார்கள். 1976இல் டொனால்ட் சாட்மன் என்ற கறுப்பின மருத்துவர், தன்னிடம் வந்த கறுப்பினப் பெண்களை உள்ளே பார்த்து, தொற்று என்று முத்திரை குத்தப்பட்டவர்களில் பலருக்கு எண்டோமெட்ரியோசிஸ் இருப்பதைக் காட்டினார். நோய் அவர்களிடம் புதிதாக வரவில்லை, பார்வை வந்தது. எங்கள் ஊரில் அந்த முத்திரைக்குப் பதில் காசநோய். கருக்குழாய்க் காசநோய் இங்கே உண்மையிலேயே பிள்ளையின்மைக்கு ஒரு முக்கியக் காரணம், அதனால் ஒட்டிக்கிடக்கும் வயிற்றைப் பார்த்ததும் அதைச் சந்தேகிப்பது தப்பில்லை. ஆனால் ஸ்லைடில் காசநோயின் தடம் எதுவும் இல்லாமல் மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை விழுங்கிய பெண்களின் துண்டுகளும் என் கையில் வந்திருக்கின்றன.

பிள்ளை பெற்றால் சரியாகும் என்ற நம்பிக்கை மாத்திரையாகவும் ஆயிற்று. அதே பாஸ்டனில் ராபர்ட் கிஸ்ட்னர் 1950களின் இறுதியில், புதிதாக வந்திருந்த ஹார்மோன் மாத்திரையைத் தொடர்ந்து கொடுத்து மாதவிலக்கை நிறுத்தி, உடம்பைக் கர்ப்பம் என்று நம்பவைத்தார். ஓரளவு வேலை செய்தது. இன்றைய மாத்திரைகள் பலவும் அந்த வழியில் வந்தவை. 1976இல் அமெரிக்காவில் டானசால் அனுமதி பெற்றது. வலி குறைந்தது, மீசை முளைத்தது, குரல் தடித்தது, எடை ஏறியது. குரல் தடித்தது மாத்திரையை நிறுத்திய பிறகும் சிலருக்குத் திரும்பவில்லை.

இதே காலத்தில் ஒரு கருவி வந்து ஆட்டத்தை மாற்றியது. வயிற்றைக் கீறித் திறக்காமல், தொப்புளருகே சிறு துளையிட்டு, வாயு நிரப்பி, குழாய் வழியே பார்க்கும் லேப்ராஸ்கோப். பெண் நோய்களுக்கு இதை வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவர் பாரிஸின் ராவுல் பால்மர். 1940களில், போரின் நடுவே, நோயாளியைத் தலை கீழாகச் சரித்துப் படுக்கவைத்து, குடல் மேலே ஒதுங்கியதும் இடுப்புக்குழியைப் பார்த்தார். அவர் மனைவி எலிசபெத் இந்த வேலையில் கூட நின்றவர். அவரிடம் போய்க் கற்றுக்கொண்ட ஆங்கிலேயர் பாட்ரிக் ஸ்டெப்டோ, ஓல்ட்ஹாம் என்ற நெசவாலை நகரத்தில் இருந்தபடி 1967இல் இந்த முறையைப் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதினார். அதே கருவியால் முட்டையை எடுத்து, ராபர்ட் எட்வர்ட்ஸும் ஜீன் பர்டியும் ஆய்வகத்தில் கருவாக்கி, 1978 ஜூலை 25இல் உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன் பிறந்தாள். எட்டிப் பார்க்கச் செய்த கருவி, குழந்தை உண்டாக்கும் கருவியும் ஆயிற்று.

இந்தியாவுக்கு அது வேறு வேலைக்காக வந்தது. 1970களின் இறுதியிலிருந்து அரசாங்கம் லேப்ராஸ்கோப்பைப் பெரிய அளவில் கையில் எடுத்தது கருக்குழாயைக் கட்டுவதற்கு. பள்ளிக்கூடத்திலும் கல்யாண மண்டபத்திலும் முகாம் போட்டு, பெஞ்சுகளில் படுக்கவைத்து, ஒருத்திக்குச் சில நிமிடம் என்ற கணக்கில் வளையம் மாட்டினார்கள். தமிழ்நாட்டில் பிரசவத்தோடு சேர்த்துக் குழாயைக் கட்டிவிடுவதே அதிகம். முகாம்களின் கூட்டம் வடக்கே பெரிது. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே ஒரே முகாமில் 83 பெண்களுக்குச் சில மணி நேரத்தில் செய்து முடித்தார்கள். பத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். 2016இல் உச்ச நீதிமன்றம் முகாம்களையே மூன்று ஆண்டுக்குள் நிறுத்தச் சொன்னது.

எனக்கு அந்த முகாம்களைப் பற்றி வேறொரு ஆற்றாமை. கோடிக்கணக்கான பெண்களின் இடுப்புக்குழி விளக்கு போட்டுப் பார்க்கப்பட்டது. சினைப்பை, குழாய், கருப்பைக்குப் பின்னாலுள்ள பள்ளம், எல்லாம் கண்ணுக்கு நேராக. வளையம் மாட்ட வந்த கண் அதைத் தவிர வேறெதையும் குறித்து வைக்கவில்லை. அப்போது ஒரு வரி எழுதியிருந்தால்கூட இந்த நாட்டில் எத்தனை பேருக்கு இந்த நோய் என்பது அன்றே தெரிந்திருக்கும். பி2 எல்2 என்ற அந்தத் தாளின் கதைதான் இதுவும்.

வலிக்கு அடுத்தபடி என்ன நடந்தது என்றால், கருப்பையை எடுத்தார்கள். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களில் 13,000க்கும் அதிகமானவர்களுக்குப் பத்தாண்டில் கருப்பை எடுக்கப்பட்டதை 2019இல் அரசுக் குழு ஒன்றே கண்டறிந்தது. மாதவிலக்கு வந்தால் வேலை கெடும், கூலி பிடிப்பார்கள். எங்கள் ஆய்வகத்துக்கு வந்த வாளிகளிலும் முப்பதைத் தாண்டிய, தாண்டாத பெண்களின் கருப்பைகள் இருந்தன. சிலவற்றில் ஒன்றும் இருக்காது. சிலவற்றில் தசைக்குள் சுரப்பிகள் புதைந்து கிடக்கும், ரோகிடான்ஸ்கி பார்த்தது போலவே. கருப்பையை எடுத்த பிறகும் குடல்மேல் ஒட்டியது ஒட்டியபடியே இருக்கும், வலியும் இருக்கும்.

இனி ஸ்லைடைப் பற்றி. எங்கள் டாக்டர் அம்மாவுக்கு மூன்றில் இரண்டாவது வேண்டும்: சுரப்பி, அதைச் சுற்றிய இழைத் திசு, பழைய ரத்தத்தின் இரும்பு. சாக்லேட் கட்டியில் தேங்கிய ரத்தமே உட்படலத்தைத் தின்றுவிட்டிருக்கும். “க்ளாண்டு ஒண்ணுமே இல்லையே மேடம்” என்பேன். “பெர்ல்ஸ் போட்டுப் பாரும்மா” என்பார். பெர்ல்ஸ் சாயம் 1867ஆம் வருஷத்துச் சரக்கு. ஃபெரோசயனைடு ஊற்றினால் இரும்பு இருக்கும் இடமெல்லாம் நீலமாக எழும்பும். பழுப்புப் பொடியாகத் தெரிந்த செல்கள் நீலப் புள்ளிகளாக மாறும்போது, பல மாதங்களாகக் கசிந்த ரத்தம் கணக்கு ஒப்புவிக்கிறது என்று இருக்கும். அப்போதும் அறிக்கையில் ‘எண்டோமெட்ரியோசிஸுக்குப் பொருந்துகிறது’ என்றுதான் போகும், உறுதியாக அல்ல.

துண்டே சரியான இடத்திலிருந்து வராவிட்டால் நாங்கள் என்ன செய்ய முடியும்? வெடிமருந்து தீய்ந்த மாதிரிக் கறுத்த, நீலம் பாரித்த புள்ளிகளையே தேடும்படி சர்ஜன்களுக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டிருந்தது. சிட்னியில் ஜான்சனும் ரஸ்ஸலும் 1986இல் காட்டினார்கள்: நிறமே இல்லாத, வெள்ளையான, சிவந்த, கொப்புளம் போன்ற இடங்களிலும் அதே திசு இருக்கிறது. அதற்கு முன்பு ‘உள்ளே எல்லாம் சுத்தமாக இருக்கிறது’ என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பப்பட்ட இளம்பெண்களைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். சாட்சி இல்லை, வலி பொய்.

சாட்சி இருந்தாலும் வலிக்கு மதிப்பெண் இல்லை. அமெரிக்கக் கருவளச் சங்கம் 1979இல் போட்டு 1985இல் திருத்திய நிலைப் பட்டியல், புண்ணின் அளவுக்கும் ஒட்டுக்கும் புள்ளி கொடுத்து நான்கு நிலை பிரிக்கிறது. அதன் குறி பிள்ளைப்பேறு. முதல் நிலைக்காரி தரையில் புரளலாம், நான்காம் நிலைக்காரிக்கு ஒன்றும் தெரியாமலும் இருக்கலாம். புண்ணுக்குள் நரம்பிழைகளே புதிதாக வளர்கின்றன என்று 2000க்குப் பிந்திய ஆய்வுகள் காட்டிய பிறகுதான் இதற்கு ஒரு விளக்கம் கிடைத்தது.

வலியை முதலில் கணக்கில் எடுத்தவர்கள் நோயாளிகளே. 1980இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் மேரி லூ பால்வெக் எண்டோமெட்ரியோசிஸ் சங்கத்தைத் தொடங்கினார். உறுப்பினர்களிடம் கேள்வித்தாள் அனுப்பி, எப்போது தொடங்கியது, எத்தனை டாக்டர், என்ன சொன்னார்கள் என்று கேட்டுத் தொகுத்தார்கள். பள்ளிப் பருவத்திலேயே வலி தொடங்கியது என்று பெரும்பாலோர் எழுதினார்கள். கல்யாணத்தைத் தள்ளிப்போட்ட முப்பது வயதுக்காரியின் நோய் என்ற கதை அங்கேயே உடைந்தது. டயாக்ஸின் என்ற நச்சு கொடுக்கப்பட்ட குரங்குகளுக்கு இந்த நோய் அதிகம் வந்ததாக 1993இல் வெளியான ஆய்வுக்குப் பின்னாலும் அந்தச் சங்கம் இருந்தது.

இப்போது நடக்கும் ஆராய்ச்சிக்கு வருகிறேன். ஹால்மேயின் கேள்விக்கு ஒரு விடை இல்லை, துண்டு துண்டாகப் பல விடைகள். வயிற்றறையில் விழுந்ததைச் சுத்தம் செய்ய வேண்டிய செல்களே புண்ணுக்கு ரத்தக்குழாய் வளர்க்க உதவுகின்றன என்பது ஒன்று. 2017இல், புற்றுநோயில் காணப்படும் மரபணு மாற்றங்கள் புற்று இல்லாத ஆழமான புண்களிலும் இருப்பதாகக் கண்டார்கள். 2023இல் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தார், வாயில் குடியிருக்கும் ஃபியூசோபாக்டீரியம் என்ற கிருமி நோயுள்ளவர்களில் 64 சதவீதம் பேரின் கருப்பைப் படலத்தில் இருப்பதாகவும், இல்லாதவர்களில் பத்து சதவீதத்துக்கும் குறைவு என்றும் எழுதினார்கள். எலிகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் புண் குறைந்தது. இதைப் படித்துவிட்டு யாரும் மருந்துக்கடைக்குப் போய்விடக் கூடாது, பெண்களிடம் அது இன்னும் நிறுவப்படவில்லை. நியூயார்க்கில் ஃபைன்ஸ்டீன் ஆய்வு நிறுவனம் 2013 முதல் பெண்களிடமிருந்து மாதவிலக்கு ரத்தத்தையே வாங்கி ஆராய்கிறது. தீட்டு என்று ஒதுக்கியது அங்கே குளிர்பெட்டியில் பத்திரமாகப் போகிறது. எம்ஐடியில் லிண்டா கிரிஃபித், தானும் இதே நோயில் பல ஆபரேஷன்களைக் கடந்த பொறியாளர், திசுவை ஆய்வகத்தில் வளர்த்து மருந்துகளைச் சோதிக்கிறார்.

2022இல் ஐரோப்பிய மனித இனப்பெருக்கச் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதலைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் திகைப்பு, நிறைய நிம்மதி. லேப்ராஸ்கோப்பில் பார்த்து ஸ்லைடில் உறுதிசெய்வதே தங்கத் தரம் என்பதை அவர்கள் கைவிட்டார்கள். நோயாளி சொல்லும் கதையும், நன்றாகச் செய்த ஸ்கேன் அல்லது எம்ஆர்ஐயும் போதும், சிகிச்சையைத் தொடங்கலாம். படத்தில் ஒன்றும் தெரியாவிட்டாலும் நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. எங்கள் தொழிலின் கையெழுத்து இந்த இடத்தில் கட்டாயமில்லை. நூறு வருஷம் முன்பே இது நடந்திருக்க வேண்டும் என்று சொல்ல முடியாது, அன்றைக்கு ஸ்கேன் இல்லை. ஆனால் கதையைக் கேட்பதற்கு ஸ்கேன் எதற்கு?

2023இல் ஆக்ஸ்ஃபோர்டின் நிலுஃபர் ரஹ்மியோக்லு, க்ரினா சோண்டர்வன் குழு 60,674 நோயாளிகளையும் 7,01,926 மற்றவர்களையும் ஒப்பிட்டு, மரபணுத் தொகுதியில் 42 இடங்கள் இந்த நோயோடு தொடர்புடையவை என்று கண்டது. ஒற்றைத் தலைவலிக்கும் முதுகுவலிக்கும் காரணமான மரபணுக்களோடு அவற்றில் சில உறவாடுகின்றன. மிகப் பெரிய ஆய்வு. ஆனால் அந்த அறுபதாயிரம் பேரும் ஐரோப்பிய, கிழக்காசிய வம்சாவளிப் பெண்கள். நம்மவர்களின் ரத்தம் அதில் இல்லை. மும்பையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இனப்பெருக்க நல ஆய்வு நிறுவனம் ஒருங்கிணைக்கும் ஓர் ஆய்வு, இந்திய மருத்துவமனைகள் பலவற்றிலிருந்து நோயாளிகளின் மாதிரிகளோடு நீண்ட கேள்வித்தாளையும் வாங்குகிறது. வலி எப்போது தொடங்கியது, எங்கே பரவுகிறது, எத்தனை நாள் வேலையைக் கெடுக்கிறது என்பதற்கெல்லாம் அந்தத் தாளில் கட்டம் உண்டு.